இரவெல்லாம் விழித்துப் படிக்கிறாள், புள்ளி ஏன் வரவில்லை?

அன்புள்ள அம்மாவுக்கு, வணக்கம்.

சென்ற சனிக்கிழமை தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் உங்களுக்குப் பின்னால் ஆட்கள் வரிசையாக நின்றதால் உங்களுடன் அரைகுறையாகத்தான் பேச முடிந்தது. வீட்டுக்கு வந்த பிறகும் நீங்கள் கேட்டது மனத்தை விட்டுப் போகவில்லை. “என் மகள் ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வில் சுங்கை சிப்புட் ஊரே பேசும்படி எடுத்தவள், மெட்ரிகுலேசனிலும் குறையில்லை. பல்கலைக்கழகத்தில் முதல் செமஸ்டரிலேயே நான்குக்கு 2.1 புள்ளி என்றால் கண்ணேறு பட்டுவிட்டதா ஐயா?” என்றீர்கள்.

கண்ணேறுக்கு நீங்கள் சுற்றிப் போட்டால் நான் தடுக்கமாட்டேன். ஆனால் படிப்பை நிறுத்திவிட்டு ஊருக்கு அழைத்துக்கொள்ளலாமா என்று இழுத்தீர்களே, அதற்கு இப்போது எந்தத் தேவையும் இல்லை. 2.00க்குக் கீழே இறங்கினால்தான் பொதுவாக எச்சரிக்கை நிலை. மகள் வரப்பின் மேல்தான் நிற்கிறாள், வயலில் விழவில்லை.

முதலில் ஒரு கணக்கு. நம் மலேசியாவில் எம்.கியூ.ஏ. என்கிற கல்வித்தகுதி முகமை, ஒரு கிரெடிட் என்றால் மாணவரின் 40 மணி நேர உழைப்பு என்று வகுத்திருக்கிறது. மூன்று கிரெடிட் பாடத்துக்கு 120 மணி நேரம். வாரம் மூன்று மணி நேர விரிவுரை, 14 வாரம் என்று வைத்துக்கொண்டால் வகுப்பில் கழிவது 42 மணி நேரம்தான். மீதி 78 மணி நேரம் எங்கே? படிப்பது, எழுதுவது, பயிற்சி செய்வது, தேர்வுக்குத் தயாராவது எல்லாம் அதற்குள் அடக்கம். வாரத்துக்கு ஒரு பாடத்துக்கு ஐந்தரை மணி நேரம், ஐந்து பாடம் என்றால் இருபத்தெட்டு மணி நேரம். வகுப்பு முடிந்ததும் படிப்பும் முடிந்தது என்று நினைக்கிற பிள்ளை பாதிப் பாடத்தைக்கூடத் தொடவில்லை என்று பொருள்.

நம் பிள்ளைகளுக்கு இது புதிது. எஸ்.பி.எம். வரை மாலையானால் டியூஷன். எந்தக் கேள்வி வரும், எதை முதலில் படிக்க வேண்டும் என்பதை எல்லாம் ஆசிரியரே பிரித்துக் கொடுத்துவிடுவார். அந்த மணி நேரங்களை வேறொருவர் காவல் காத்தார். தோட்டத்தில் விடியற்காலை ஆள் எண்ணும் பெரட்டுக்கு நின்று பேர் கொடுத்த உங்களுக்கு இது சட்டென்று புரியும்: அந்த 78 மணி நேரத்துக்குப் பெரட்டு கிடையாது. வராவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள். அதற்கான பாதிச்சம்பளம், அதாவது குறைந்த புள்ளி, செமஸ்டர் முடிவில்தான் கைக்கு வரும்.

மகள் சோம்பேறி இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். தேர்வுக்கு முந்திய வாரம் இரவு மூன்று மணி வரை விழித்து, நோட்டுகளைத் திரும்பத் திரும்பப் படித்து, மஞ்சள் பேனாவால் கோடு இழுத்தாள் என்றீர்கள். பிசகே அங்கேதான். 1885இல் ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹவுஸ், பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து எவ்வளவு சீக்கிரம் மறக்கிறோம் என்று அளந்து வெளியிட்டார். முதல் சில மணி நேரங்களில்தான் நினைவு விறுவிறுவென்று சரிகிறது. ஒரே நாளில் குவித்துப் படிப்பதைவிட, பல நாள்களுக்குப் பிரித்துப் படித்தால் குறைந்த உழைப்பில் நிற்கிறது என்பதையும் அவர் கண்டார். ரப்பர் பால்மரத்தை நீங்கள் ஒருநாள் விட்டு ஒருநாள்தானே வெட்டினீர்கள்? ஓயாமல் வெட்டினால் பட்டை வறண்டு பால் நின்றுவிடும் என்று உங்களுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. மூளை மரம் இல்லைதான். இருந்தாலும் இடைவெளியின் அருமை உங்களுக்குத் தெரிந்த அளவு அவளுக்குத் தெரியவில்லை.

கோடு இழுப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2006இல் வெளியான ஆய்வில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் மாணவர்களுக்கு ஒரு பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினர் அதையே மறுபடி படித்தார்கள். இன்னொரு பிரிவினர் தாளை மூடிவிட்டு, நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழ். மறுவாசிப்பு ‘எனக்குத் தெரியும்’ என்ற உணர்வைத்தான் தருகிறது. தேர்வு மண்டபத்தில் அந்த உணர்வுக்கு மதிப்பெண் போடமாட்டார்கள்.

ஆகவே மகளிடம் இதைச் செய்யச் சொல்லுங்கள். விரிவுரை நடந்த அன்று மாலையே இருபது நிமிடம், நோட்டை மூடிவைத்து, கேட்டதை வெற்றுத் தாளில் எழுத வேண்டும். விட்டுப்போனதை வேறு நிற மையில் நிரப்ப வேண்டும். இரண்டு நாள் கழித்து ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை இதையே செய்ய வேண்டும்.

இதில் உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஞாயிறு இரவு தொலைபேசியில், “சாப்பிட்டாயா” என்று கேட்டு முடித்ததும், “இந்த வாரம் படித்ததில் ஒன்றை எனக்குச் சொல்லிக்கொடு” என்று கேளுங்கள். அவள் படிப்பது கணக்கியல். தேய்மானம் என்றால் என்ன என்று கேளுங்கள். தோட்டத்து லாரியை ஒரு லட்சம் ரிங்கிட்டுக்கு வாங்கி ஐந்தாண்டு ஓட்டினால், ஆண்டுக்கு இருபதாயிரம் ரிங்கிட் செலவாக எழுதுவது ஏன் என்று உங்களுக்குப் புரியும்படி தமிழில் சொல்ல வேண்டும். ஆங்கிலப் புத்தகத்தில் படித்ததைத் தமிழில் திருப்பிச் சொல்லும்போது புரியாத இடம் தானே காலை வாரிவிடும். உங்களுக்குக் கணக்கு தெரியாதது இங்கே குறையே இல்லை. சொல்லப்போனால் அதுதான் வசதி.

இன்னொன்று, கூச்சம். இதுதான் எனக்கு அதிகக் கவலை. எதிர்த்துக் கேட்டால் வாய் நீளம் என்று பேர் வாங்கும் வீடுகளிலிருந்து வந்தவர்கள் நாம். விரிவுரையாளர் மாணவர்களைச் சந்திக்க வாரத்தில் நேரம் ஒதுக்கி அறைக் கதவில் ஒட்டியிருப்பார். நம் பிள்ளைகள் அந்தக் கதவு வரை போய்த் திரும்பிவிடுகிறார்கள். நானும் அப்படித் திரும்பியவன்தான். எல்லாம் புரியவில்லை என்று போனால் யாராலும் உதவ முடியாது. “புவான், நான்காவது கணக்கில் இந்த வரி வரை வந்தேன், அதற்கு மேல் போகவில்லை” என்று போனால் ஐந்து நிமிடத்தில் தீரும். மூன்று பேராகச் சேர்ந்து போகட்டும், முதல் தடவை மட்டும்தான் கால் நடுங்கும்.

தூக்கத்தைக் குறைக்க வேண்டாம். படிக்கும்போது கைப்பேசி அடுத்த அறையில் இருக்கட்டும். பழைய தேர்வுத் தாள்கள் நூலகத்தில் கிடைக்கும்.

கடைசியாக உங்களிடம் ஒரு விண்ணப்பம், கோபித்துக்கொள்ளாதீர்கள். சென்ற செமஸ்டரில் சித்தி வீட்டுச் சடங்கு, மாமன் மகன் நிச்சயம், புதுமனை புகுவிழா என்று நான்கு தடவை அவளை ஊருக்கு வரவழைத்திருக்கிறீர்கள். பெரும்பாலான இடங்களில் வருகை 80 விழுக்காட்டுக்குக் குறைந்தால் தேர்வே எழுத விடமாட்டார்கள். தீபாவளிக்கு வரட்டும், மற்றதற்கு நீங்கள் போய் மொய் எழுதுங்கள். உறவினர் முணுமுணுத்தால் என் பேரைச் சொல்லுங்கள்.

ஐந்து பாடங்களின் பாடத்திட்டத் தாள்களையும் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். எந்த ஒப்படைப்புக்கு எத்தனை விழுக்காடு, எந்த வாரம் என்று அதில் இருக்கும். அடுத்த சனிக்கிழமை கொண்டுவாருங்கள், ஒரு பழைய நாட்காட்டியில் சேர்ந்து குறிப்போம். மண்டபம் ஐந்து மணிக்கு மூடுவார்கள். பஸ் தாமதமானால் வாசலில் இருப்பேன்.