ஊசி போட்ட பிறகு ரோல்பேக் கிடையாது

கேள்வி: மருத்துவமனை மென்பொருளை மைக்ரோசர்வீஸாக, அதாவது தனித்தனியாக ஓடும் சிறு சர்வீஸ்களாகப் பிரித்துவிட்டோம். மருந்து ஆர்டர், ஃபார்மசி, பில்லிங் மூன்றும் சேர்ந்த பரிவர்த்தனைக்கு டூ ஃபேஸ் கமிட் போதுமா, சாகா வேண்டுமா?

சாகாதான். ஆனால் நாங்கள் முதலில் எழுதிய மாதிரி எழுதிவிடாதீர்கள்.

டூ ஃபேஸ் கமிட்டில் ஒவ்வொரு சர்வீஸும் 'தயார்' என்று சொல்லிவிட்டு, முடிவு வரும்வரை, தன் தரவை வேறு யாரும் மாற்றாதபடி லாக்கைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். நடுவில், அந்த முடிவைச் சொல்ல வேண்டிய கோஆர்டினேட்டர் படுத்துவிட்டால் ஃபார்மசி கவுண்டரும் நின்றுவிடும். வெளியே இருக்கும் இன்சூரன்ஸ் ஏபிஐ (அவர்கள் மென்பொருளோடு நம்முடையது பேசும் வழி) இந்த ஆட்டத்துக்கே வராது.

சாகா 1987இல் ஹெக்டர் கார்சியா-மொலினாவும் கென்னத் சேலமும் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. நீண்ட பரிவர்த்தனையைத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஈடுசெய்யும் எதிர்ச்செயல் ஒன்றை வைப்பது. நாங்களும் அப்படியே செய்தோம். ஓர் இரவு இன்சூரன்ஸ் பக்கம் டைம்அவுட், பில் விழவில்லை. சாகா சொன்னபடி ஸ்டாக்கைத் திரும்ப ஏற்றி, ஆர்டரை அழித்தது. ஆனால் வார்டில் ஊசி ஏற்கெனவே போட்டாகிவிட்டது! திரையில் தடயமே இல்லை. அடுத்த ஷிஃப்ட் சிஸ்டர் காகித சார்ட்டையும் புரட்டிப் பார்ப்பவர் என்பதால் இரண்டாவது டோஸ் போகவில்லை. இத்தனைக்கும் கோடில் பிழை எதுவும் இல்லை.

அதற்கப்புறம் வரிசையை மாற்றினோம். மருந்து கவுண்டரைத் தாண்டும் கட்டம்தான் திரும்ப முடியாத இடம். ஸ்டாக் ஒதுக்குவது, அலர்ஜி சரிபார்ப்பது, இன்சூரன்ஸ் அனுமதி எல்லாம் அதற்கு முன்னால். இவற்றை ரத்து செய்யலாம். (அவசரப் பிரிவில் மட்டும் அனுமதிக்காகக் காத்திருக்க மாட்டோம்.) அதற்குப் பின்னால் வருபவை, விடாமல் முயன்று முடிக்க வேண்டியவை மட்டும். பில் விழவே இல்லையென்றால் பில்லிங் ஆளின் திரையில் ஒரு வேலையாக வந்து நிற்கும். ஆர்டர் மேல் யாரும் கைவைக்க முடியாது.

இன்னொன்று, டிலீட்டை அடியோடு எடுத்துவிட்டோம். மருத்துவத் தரவைப் பரிமாறுவதற்கான எஃப்ஹெச்ஐஆர் தரத்தில் தவறான பதிவுக்கென்றே 'என்டர்ட் இன் எரர்' என்ற நிலை இருக்கிறது. பதிவு அப்படியே கிடக்கும், நிலை மட்டும் மாறும்.

அவுட்பாக்ஸ் டேபிள் (மற்ற சர்வீஸ்களுக்கு அனுப்ப வேண்டிய செய்திகளை எழுதிவைக்கும் அட்டவணை) கட்டாயம். ஆர்டரும் அதற்கான செய்தியும் ஒரே லோக்கல் டிரான்ஸாக்ஷனில் (ஒரே டேட்டாபேஸுக்குள் முடியும் பரிவர்த்தனையில்) எழுதப்பட்டால்தான் ஒன்று இருந்து மற்றது தொலையாது. ஆனால் அதே செய்தி இரண்டு முறையும் போகலாம். செய்தி எண்ணைப் பார்த்து, இரண்டாவதாக வருவதை பில்லிங் தள்ளிவிட வேண்டும். இல்லையென்றால் ஒரு ஊசிக்கு இரண்டு பில் வரும். அதையும் பார்த்தாயிற்று.