அம்மாகிட்ட பேச விபிஎன் வேணாம் தம்பி

தம்பி, நீ கேட்டது இதுதானே: துபாய் வந்து மூணு கிழமை ஆச்சு, இலங்கையில தலவாக்கலையில இருக்குற அம்மாவுக்கு வட்சப் கோல் எடுத்தா ரிங் போகுது, அவங்க எடுத்ததும் சத்தமே இல்லாம சுத்திக்கிட்டே கெடக்கு, ரூம்ல இருக்குறவங்க தடுத்ததைத் திறக்குற விபிஎன் அப் போடச் சொல்றாங்க, போடவா வேணாமா, காசில்லாம பேச வேற வழி இருக்கா. நான் மஸ்கெலியா பக்கம். 2007ல ஷார்ஜாவுக்கு வந்தேன், மொதல்ல வீட்டு வேலை, இப்ப ஒரு லாண்ட்ரியில. எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

மொதல்ல, உன் போன்ல ஒரு கோளாறும் இல்ல, கடையில குடுத்து காசை வீணாக்காத. இந்த எமிரேட்ஸ் நாட்டுல வட்சப் கோலை தடுத்து வச்சிருக்காங்க. மெசேஜ் போகும், போட்டோ போகும், வொய்ஸ் மெசேஜ் போகும், கோல் மட்டும் போகாது. ஸ்கைப்பையும் இப்படித்தான் தடுத்தாங்க, அது 2025 மே மாசத்தோட உலகம் முழுக்கவே மூடியாச்சு. ஒவ்வொரு நாட்டுக்கும் விதி வேற, அதனால சவூதியில ரியாத்துல இருக்குற உன் சொந்தக்காரங்க "எனக்கு வேலை செய்யுதே"ன்னு சொன்னா அது அவங்க நாட்டுக் கதை.

விபிஎன் விசயத்துல நான் கொஞ்சம் கண்டிப்பாவே சொல்றேன். கம்பெனிக்காரங்க ஆபீஸ் வேலைக்கு பாவிக்கிறாங்க, அது வேற. தடுத்து வச்ச ஒண்ணை திறக்குறதுக்கு அதைப் போட்டு மாட்டுனா, 2021ல கொண்டாந்த சைபர் குற்றச் சட்டப்படி 5 லட்சத்துல இருந்து 20 லட்சம் திர்ஹம் வரைக்கும் அபராதம், ஜெயிலும் இருக்கு. எல்லாரும் போடுறாங்க ஒண்ணும் ஆகலன்னு ரூம்ல சொல்வாங்க. சொல்றவங்க உனக்காக அபராதம் கட்ட மாட்டாங்க. அதுவும் இல்லாம ஓசி விபிஎன்ல உன் பேங்க் அப்பும் சேர்ந்துதான் ஓடும், அதை யார் நடத்துறான்னு உனக்கும் தெரியாது எனக்கும் தெரியாது.

அனுமதி இருக்குற அப் இருக்கு. இங்க நம்ம ஆளுங்க எல்லாரும் பேசுறது போட்டிம்ல, கோசட்னு ஒண்ணும் இருக்கு. 2018ல மாசத்துக்கு 50 திர்ஹம் கட்டி தனி பேக் போட்டாத்தான் இந்த மாதிரி அப்ல பேசலாம்னு இருந்துச்சு, இப்ப பிளானெல்லாம் மாறிக்கிட்டே இருக்கு, சிம் கவுண்டர்லயே இன்டர்நெட் கோலிங் எப்படின்னு கேட்டுட்டு போடு. சூமும் கூகுள் மீட்டும் கூட வேலை செய்யும். சூம் ஓசியில 40 நிமிஷத்துல வெட்டிரும். கூகுள் மீட்ல ரெண்டு பேர் மட்டும்னா அந்தத் தொல்லை இல்ல, லிங்கை வட்சப்ல அனுப்புனா அம்மா அதைத் தொட்டா போதும், ஆனா மொத தடவை வீட்டுல யாராச்சும் சின்னப் பிள்ளை பக்கத்துல இருக்கணும், போனை அவங்க கையில குடுத்தா ரெண்டே நிமிஷத்துல எல்லாம் செஞ்சிரும்.

நான் வந்த காலத்துல எங்க லயத்துல, அதாவது தோட்டத்து வரிசை வீடுகள்ல, ஒரு வீட்டுலயும் போன் இல்ல. மேல் லயத்துல கணக்கப்பிள்ளை வீட்டுல மட்டும் வயர் இல்லாத ஒரு சிடிஎம்ஏ போன், 051ல ஆரம்பிக்குற நம்பர். நான் எடுத்து அம்மாவ வரச் சொல்லுங்கன்னு சொல்லிட்டு வச்சிருவேன், அந்த வீட்டுப் பிள்ளை எறங்கி ஓடும், அம்மா கூடையை வீட்டு முன்னால இஸ்தோப்புல போட்டுட்டு மேட்டுல ஏறி வரணும், பத்து நிமிஷம் கழிச்சு மறுபடி எடுப்பேன். எடுத்ததும் அம்மாவுக்கு மூச்சு வாங்கும். கோலிங் கார்ட்ல இருக்குறதே அஞ்சு நிமிஷம், அதுல ஒரு நிமிஷம் அந்த மூச்சு சத்தத்துக்கே போயிரும். கள்ளமா நெட் கோல் விக்கிற ஒரு ஆள்கிட்ட மலிவா கிடைக்குதேன்னு ஒரு தீபாவளிக்கு முன்னுக்கே காசு கட்டுனேன், தீபாவளி அன்னிக்கு பார்த்தா அவன் நம்பரே இல்ல. அதுக்குப் பிறகு மலிவுன்னு யார் சொன்னாலும் எனக்கு சந்தேகம்தான்.

இப்ப நீ இந்தப் பக்கத்தை மட்டும் பார்க்குற, ஆனா பாதி கோல் வெட்டுறது அந்தப் பக்கத்துலதான். டவருக்கும் லயத்துக்கும் நடுவுல ஒரு மலை நின்னா போச்சு. எங்க லயம் பள்ளத்துல, வீட்டுக்குள்ள ஒரு கோடு வரும், அதுவும் போயிரும். என் தம்பி என்ன பண்ணுனான்னா, பழைய போன்ல டேட்டா சிம்மைப் போட்டு ஹாட்ஸ்பாட் ஓன் பண்ணி, மழைக்கு ஒரு சொப்பிங் பேக்ல சுத்தி வீட்டுக்கு மேல இருக்குற கொய்யா மரத்துல கட்டிட்டான். அங்க மூணு கோடு எடுக்கும், அம்மா இஸ்தோப்புல உக்காந்து அவங்க போன்ல அந்த வைஃபையில பேசுவாங்க. சார்ஜ் போடுறதுக்கு தினம் எறக்கணும், ஒரு தடவை குரங்கு பேக்கை கிழிச்சிருச்சு, மத்தபடி நல்லாத்தான் ஓடுது. உங்க லயத்துல எந்த சிம் நல்லா எடுக்குதுன்னு பக்கத்து காம்பராக்காரங்ககிட்ட கேட்டு அந்த சிம்மையே அம்மாவுக்கு வாங்கிக் குடு, இங்க நீ எத்தனை பேக் போட்டாலும் அது இல்லாம சரிவராது.

டேட்டா கார்ட் போடும்போது அதுல கோலும் சேருமா, மெசேஜ் மட்டுமான்னு கேக்கச் சொல்லு. குரல் மட்டும் பேசுனா நிமிஷத்துக்கு ஏறக்குறைய அரை எம்பி, வீடியோன்னா பல மடங்கு. அம்மா கையில காசில்லன்னா ரீலோட் இங்க இருந்தே போட்டுவிடலாம். நேரத்தையும் பேசி வச்சுக்க, அங்க ராத்திரி எட்டரைன்னா இங்க ஏழு. காலையில எடுக்காத, தோட்டத்துல வேலைக்குப் பேர் குடுக்குற பெரட்டுக்கு ஓடுற அவசரத்துல அவங்களும் பேச மாட்டாங்க நீயும் கோவிச்சுக்குவ.

வொய்ஸ் மெசேஜை சின்னதா நினைக்காத. தகரத்துல மழை விழுந்தா கோல்ல ஒண்ணும் கேக்காது, வொய்ஸ்னா மழை விட்ட பிறகு, சிக்னல் வந்த பிறகு போட்டுக் கேப்பாங்க. எங்க அம்மா நான் அனுப்புனதை மறுபடி மறுபடி போட்டு பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேக்க வைப்பாங்க, அதனால ரகசியம் எதுவும் அதுல சொல்லிராத.

நேர் கோலுக்கும் போன்ல கொஞ்சம் பேலன்ஸ் வச்சிரு. 0094 போட்டு, நம்பர்ல முன்னால இருக்குற சைபரை விட்டுட்டு மிச்சத்தை அடிக்கணும். 2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் வந்து மலையகம் முழுக்க மண் சரிஞ்சப்ப ரெண்டு நாள் வீட்டுல இருந்து ஒரு தகவலும் இல்ல, போட்டிமும் இல்ல வட்சப்பும் இல்ல, நான் லாண்ட்ரியில துணியை மடிச்சுக்கிட்டே அழுதேன். மூணாம் நாள் சாதாரண கோல்தான் போச்சு. தம்பி மேட்டுல ஏறி நின்னு "எல்லாரும் ஸ்கூல்ல இருக்கோம், ஒண்ணும் ஆகல"ன்னான், அதோட வெட்டிருச்சு.

இன்னொண்ணு, உன் போனுக்கு ஆறு இலக்க நம்பர் ஒண்ணு வந்து, யாராச்சும் கோல் எடுத்து அதைச் சொல்லுங்கன்னு கேட்டா சொல்லாத, ஊர்க்காரன் குரல்ல பேசுனாலும் சரி. உன் வட்சப்பை எடுத்துக்கிட்டு அம்மாகிட்டயே காசு கேப்பானுங்க. அம்மாவுக்கும் இதைச் சொல்லி வை.

தலவாக்கலையில எந்தத் தோட்டம், எந்த டிவிசன்னு சொல்லு. என் கூட வேலை செய்யுற ஒரு பிள்ளை அந்தப் பக்கந்தான், எந்த சிம் எடுக்கும்னு கேட்டுச் சொல்றேன்.