மாருதி ஜிப்சி ஜீப்பை உயர்த்திய பிறகு ஸ்டியரிங் அலைகிறது. முன் அச்சில் காஸ்டரைச் சரிசெய்வதா, பினியன் கோணத்தையா?

காஸ்டரை, அதாவது முன்சக்கரம் இடவலமாகத் திரும்பும் கிங்பின் என்ற அச்சாணியின் பின்சாய்வை. ஷாஃப்ட் வந்து சேரும் பல்சக்கரமான பினியன் காத்திருக்கும்.

அச்சுக்குக் கீழே இருந்த லீஃப் ஸ்பிரிங்கை மேலே மாற்றியிருப்பீர்கள். பட்டறைக்காரர் பினியன் மூக்கை டிரான்ஸ்ஃபர் கேஸ் (விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரிக்கும் பெட்டி) பக்கம் தூக்கி வைத்து வெல்டு செய்துவிட்டு, "ஷாஃப்ட் எவ்வளவு நேராக நிற்கிறது பாருங்கள் சார்" என்றிருப்பார். என்னிடம் அப்படித்தான் சொன்னார். நானும் குனிந்து பார்த்துப் பூரித்துப்போய்ப் பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

முன் அச்சில் டிஃப்ரென்ஷியல் கூடும் இருபுறக் கிங்பின்களும் ஒரே குழாயோடு பிணைந்தவை. பினியன் மூக்கு மூன்று டிகிரி மேலே போனால் கிங்பின்னின் தலை மூன்று டிகிரி முன்னால் சாயும். காஸ்டரில் அந்த மூன்றும் காலி. திருப்பிய சக்கரத்தைத் தானாக நேருக்குக் கொண்டுவருவது அந்தப் பின்சாய்வுதான்.

அன்னூர் தாண்டி சத்தி சாலையில் ஒரு லாரியை முந்த ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தேன். முந்தியாயிற்று, கையைத் தளர்த்தினேன், ஸ்டியரிங் திரும்பி வரவில்லை. ஒடித்த இடத்திலேயே நின்றது. எதிரே பஸ். இழுத்துத் திருப்பி, ஓரமாக நிறுத்தி, பத்து நிமிடம் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன்.

கிங்பின் மூடியின் தட்டையான முகத்தில் கோணமானியை வைத்தபோது காஸ்டர் அரை டிகிரி. ஸ்பிரிங்குக்கும் அச்சில் அது உட்காரும் இருக்கைக்கும் நடுவே மூன்று டிகிரி எஃகு ஆப்பு வைத்தால் சரியாகும் என்று நானே இறங்கினேன். ஏதோ ஒரு வீடியோவில் தடித்த பக்கம் முன்னால் வரவேண்டும் என்றார்கள், அப்படியே வைத்தேன். அது ஸ்பிரிங் அச்சுக்குக் கீழே இருக்கும் வண்டிக்கு! மேலே இருந்தால் தடித்த பக்கம் பின்னால் வரவேண்டும். மறுபடி அளந்தால் மைனஸ் இரண்டரை. ஆப்பசைத்த குரங்கின் கதையை அன்றைக்குத்தான் முழுதாகப் புரிந்துகொண்டேன். திருப்பி வைத்ததும் மூன்றரை வந்தது. சத்தி சாலையில் வண்டி இப்போது ஒரு கைக்கு அடங்கி ஓடுகிறது.

ஷாஃப்டின் இரு முனையிலும் உள்ள கிராஸ் மூட்டுகளில் கோணம் சமமாக இல்லாவிட்டால் அதிரும் என்று ஒருவர் கீழே எழுதத்தான் போகிறார். உண்மைதான், என் வண்டியும் நான்கு சக்கர இயக்கத்தில் ஐம்பதைத் தாண்டினால் அதிர்கிறது. ஆனால் சேற்றில் யார் ஐம்பதில் போகிறார்கள்? சாலையில் முன்சக்கரங்களை அச்சோடு பூட்டும் ஹப்பை விடுவித்துவிட்டால் முன் ஷாஃப்ட் சுற்றுவதே இல்லை. பின் அச்சுக்கு இந்த நியாயம் பொருந்தாது. அங்கே பினியன்தான் முதலில். முன்னால் இரண்டுமே வேண்டுமென்றால் அச்சுக் குழாயின் முனையில் கிங்பின்னைத் தாங்கும் நக்கிளை வெட்டித் திருப்பி மறுபடி பற்றவைக்க வேண்டும். கோணம் பிசகாமல் பிடித்துவைக்கும் ஜிக் இல்லாத பட்டறையில் அதைச் செய்யவிடாதீர்கள். நான் செய்யவில்லை.

வண்டியின் அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவை நினைவூட்டப்போகும் நண்பருக்கும் வணக்கம். தெரியும் ஐயா. என்னைக் கேட்டால் வண்டியை உயர்த்தவே வேண்டாம் என்பேன். நான் உயர்த்திய மறுமாதமே எங்கள் அடுக்ககச் சங்கம் அடித்தள நிறுத்தத்தின் வாசலில் இரும்புக் குறுக்குக்கம்பி போட்டது. எல்லார் நன்மைக்காகவும் என்று சுற்றறிக்கை வேறு. கம்பிக்கும் என் கூரைக்கும் நான்கு விரற்கடைதான் இடிக்கிறது. பராமரிப்புக் கட்டணம் மட்டும் நிறுத்துமிடத்தோடு சேர்த்தே வருகிறது. இரண்டு வருடமாக வண்டி வெளியே புங்கமரத்தடியில் பூவும் எச்சமுமாக நிற்கிறது, உள்ளே என் இடத்தில் செயலாளரின் மருமகன் கார்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஸ்பிரிங் இருக்கைகளை மறுபடி பற்றவைப்பதானால் முதலில் புள்ளி வெல்டு மட்டும் போதும். வின்ச், பம்பர் எல்லாம் மாட்டி, சமதளத்தில் நான்கு சக்கரமும் தரையில் நிற்க, ஸ்டியரிங்கை நேராக வைத்து, இரண்டு பக்கமும் அளந்த பிறகே முழு வெல்டு. ஆப்பு வைத்தால் ஸ்பிரிங் தகடுகளைக் கோக்கும் சென்டர் போல்ட்டையும் நீளமானதாக மாற்றுங்கள். அலுமினிய ஆப்பு மலிவாகக் கிடைக்கும், நசுங்கிவிடும்.

அளந்து வந்த எண்ணை இங்கே எழுதுங்கள். ஷாஃப்ட் நேராக இருக்கும் படம் வேண்டாம்.