துணிப் பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரையா?

கேள்வி: பாபநாசத்துக்குப் பக்கத்தில் கிராமம். நானும் மாமியாரும் பழைய பருத்திச் சேலை, தையல்கடை வெட்டுத்துணி இவற்றை வைத்து பொம்மை, கால் துடைக்கும் மிதியடி, அடுப்படிக்கான பிடிதுணி செய்கிறோம். போன வருஷம் கொலு சமயத்தில் கும்பகோணத்தில் 60 பொம்மை விற்றோம், ஒன்று 60 ரூபாய். இப்போது ஏஜென்ட் என்று ஒருவர் வருகிறார். ஐஎஸ்ஐ முத்திரை இல்லாமல் பொம்மை விற்றால் 2 லட்சம் அபராதம், ஜெயில்கூட உண்டு, 8,500 ரூபாய் கொடுத்தால் ஐஎஸ்ஐ, உத்யம், ஜிஎஸ்டி மூன்றும் வாங்கித் தருகிறேன் என்கிறார். ஆதார் நகலும் கேட்கிறார். மாமியார் பயந்துபோய் பொம்மையே வேண்டாம் என்கிறார். என்ன செய்வது?

பதில்: பணம் கொடுக்காதீர்கள். ஆதாரும் கொடுக்காதீர்கள். மாமியாரைத் தைக்கச் சொல்லுங்கள்.

ஏஜென்ட் சொன்னதில் பாதி உண்மை. அதனால்தான் நீங்கள் பயந்திருக்கிறீர்கள். 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் விளையாடும் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். மீறினால் குறைந்தது 2 லட்சம் அபராதம், அல்லது 2 வருஷம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று 2016ஆம் ஆண்டின் தரநிர்ணயச் சட்டத்தில் எழுதியிருக்கிறது. கொலுப்படியில் வைத்துப் பார்ப்பதற்கு மட்டுமான பொம்மை இதில் சேராது. ஆனால் நீங்கள் செய்வதைக் கொலு முடிந்ததும் குழந்தை தூக்கிக்கொண்டு போய்விடும், ஆகவே விளையாட்டுப் பொம்மை என்றே வைத்துக்கொள்வோம்.

அவர் சொல்லாமல் விட்ட பாதி இது. மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கீழ் வளர்ச்சி ஆணையர் (கைவினைப் பொருட்கள்) என்று ஓர் அலுவலகம் உண்டு. அங்கே பதிவு செய்துகொண்ட கைவினைஞர் தானே செய்து விற்கும் பொம்மைக்கு ஐஎஸ்ஐ விதியிலிருந்து விலக்கு இருக்கிறது. பதிவு செய்தால் ஒரு அடையாள அட்டை தருவார்கள், 'பெஹ்சான்' அட்டை என்பார்கள். கட்டணம் கிடையாது. உங்கள் பெயரில் ஒன்று, மாமியார் பெயரில் ஒன்று விண்ணப்பியுங்கள். செய்து காட்டச் சொன்னால் அவர்கள் எதிரில் உட்கார்ந்து ஒரு பொம்மை தைத்துக் காட்டுங்கள், அவ்வளவுதான். இந்தக் கொலுவுக்குள் அட்டை கைக்கு வருமா என்று கேட்காதீர்கள். அபராதம் எவ்வளவு என்பது கிராமம்வரை வந்து சேர்ந்திருக்கிறது, இலவச அட்டை என்று ஒன்று இருப்பது வரவில்லை. நம் நிர்வாகத்தின் வேகம் அப்படி.

விலக்கில் ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். செய்து, 'விற்கும்' கைவினைஞர். இரண்டும் நீங்களாக இருக்க வேண்டும் என்றுதான் நான் அதைப் படிக்கிறேன். மகாமகக் குளம் பக்கம் கடை போட்டு நீங்களே உட்கார்ந்து விற்றால் கேள்வியே இல்லை. மகளிர் குழு ஸ்டாலில் வைத்து விற்றால்? பொம்மையில் உங்கள் பெயரும் அட்டை எண்ணும் எழுதிய சின்னத் துண்டுச்சீட்டைத் தைத்துவிடுங்கள், பணமும் உங்கள் கணக்கிலேயே வரட்டும். அதுவரை சரி. இதே ஏஜென்ட் உங்களிடம் 200 பொம்மை மொத்தமாக வாங்கி, தன் லேபிள் ஒட்டி சென்னையில் ஒரு கடைக்குக் கொடுத்தால், அங்கே விற்பவர் நீங்கள் அல்ல. உங்கள் விலக்கு அந்த மூட்டையோடு லாரி ஏறிப் போகாது. இன்னொன்றும் நடக்கிறது. நாலைந்து பெண்களின் அட்டை நகலை வாங்கி வைத்துக்கொண்டு, எங்கிருந்தோ வந்த மெஷின் பொம்மையை 'கைவினை' என்று தள்ளிவிடுவார்கள். பிடிபட்டால் காகிதத்தில் இருப்பது உங்கள் பெயர். ஆகவே அட்டை வந்த பிறகும் நகலை யாருக்கும் சும்மா தராதீர்கள். தந்தே ஆக வேண்டுமென்றால் இன்ன காரணத்துக்கு மட்டும், இன்ன தேதி என்று நகலின் குறுக்கே பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

8,500 ரூபாய்க்கு ஐஎஸ்ஐ என்பதும் நடக்காத காரியம். அதற்கு மாதிரிகளைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும், செய்யும் இடத்தை வந்து ஆய்வு செய்வார்கள். உங்கள் திண்ணையை யார் வந்து ஆய்வு செய்யப் போகிறார்கள்? அவர் கொண்டுவந்து தருவது கலர் பிரிண்ட் எடுத்த ஏதோ ஒரு தாளாக இருக்கும்.

அப்புறம் உத்யம். 2020 ஜூலையிலிருந்து இருக்கிற சிறுதொழில் பதிவு இது, அரசுத் தளத்தில் ஒரு பைசா செலவில்லை. பார்த்தால் அரசுத் தளம் போலவே இருக்கும் தனியார் தளங்கள் ஏகப்பட்டது உண்டு, அவர்கள்தான் கட்டணம் கேட்பார்கள். முகவரி gov.in என்று முடிகிறதா என்று பாருங்கள்... இதைத் தமிழில் எப்படி எழுதினாலும் ஜிஓவி டாட் ஐஎன் தான். வங்கிக் கடன் கேட்கும்போது பயன்படும், இன்றைக்கு அவசரமில்லை.

ஜிஎஸ்டி உங்களுக்கு வேண்டவே வேண்டாம். தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவருக்கு வருஷத்துக்கு 40 லட்சம் ரூபாய் விற்பனை வரை பதிவு தேவையில்லை. 60 ரூபாய்ப் பொம்மையில் 40 லட்சத்தைத் தொட 66,000 பொம்மைக்கு மேல் தைக்க வேண்டும். மாமியாரிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்.

தேவையில்லாமல் எடுத்து வைத்தால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்பவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். முப்பது வருஷமாகக் கும்பகோணத்தில் வரிக்கணக்கு எழுதுகிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒயர் கூடை பின்னும் ஒரு அம்மா மஞ்சள் பையில் ஒரு நோட்டீஸைப் போட்டுக்கொண்டு வந்தார். கடன் வாங்கித் தருகிறேன் என்று ஒருவன் ஆதார், பான், கரண்ட் பில், செல்போனுக்கு வந்த ஓடிபி எல்லாம் வாங்கிப் போயிருக்கிறான். கடன் வரவில்லை. அவர் பெயரில் ஜிஎஸ்டி பதிவு மட்டும் வந்திருக்கிறது, அதில் பழைய இரும்பு விற்றதாக லட்சக்கணக்கில் பில்! அந்த அம்மா வீட்டில் இரும்பு என்று இருந்தது ஒரு அரிவாள்மனை. பதிவை ரத்து செய்ய ஏழு தடவை அலைந்தோம். ஒருநாள் அதிகாரி கேம்ப், ஒருநாள் சர்வர் வேலை செய்யவில்லை, ஒருநாள் 'இது எங்கள் சீட் இல்லை' என்றார்கள். பில் போட்டவனைத் தேட யாருக்கும் அவசரம் இல்லை. கூடை பின்னுகிறவருக்கு நோட்டீஸ் மட்டும் தேதி தவறாமல் வந்துகொண்டிருந்தது.

யாரும் மோசடி செய்யாவிட்டாலும் சங்கடம்தான். பதிவு இருந்தால் ஒரு பொம்மைகூட விற்காத மாதத்துக்கும் கணக்கு தாக்கல் செய்தாக வேண்டும். தவறினால் நாளுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம் ஓடும்.

ஏற்கெனவே ஓடிபி ஏதாவது சொல்லித் தொலைத்திருந்தால் எனக்கு எழுதுங்கள், ஆனால் அதற்கு முன் 1930 என்ற சைபர் குற்ற எண்ணுக்குப் போன் செய்துவிடுங்கள். இதே ஆள் அடுத்த தடவை துணி மூட்டையோடு வந்து, 'கிட்டுக்கு 6,000 கட்டுங்கள், செய்து கொடுத்தால் நானே வாங்கிக்கொள்கிறேன்' என்று சொல்லவும் கூடும். வெட்டுத்துணிக்கு 6,000! உங்கள் ஊர்த் தையல்காரர் கூட்டித் தள்ளுவது அது. செய்து கொண்டுபோனால் 'ஃபினிஷிங் சரியில்லை' என்று திருப்பிவிடுவார்கள். கட்டிய பணம் கட்டியதுதான்.

ஏஜென்டைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் கடிதத்தோடு அனுப்பியிருந்த பொம்மையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாம்பழக்கலர் முந்தானையில் பாவாடை, உள்ளே திணித்திருப்பது இலவம்பஞ்சு. நல்ல கை. முந்தானையை எடுத்தது கெட்டிக்காரத்தனம், பழஞ்சேலையில் கொசுவம் நைந்துபோன பிறகும் அது திடமாக இருக்கும். ஆனால் என் பேத்தி, மூன்று வயது, ஐந்து நிமிஷத்தில் இடது கண்ணைப் பிடுங்கி வாயில் போட்டுவிட்டாள். சட்டைப் பட்டன். விரலை விட்டு எடுத்தோம். அட்டை வந்தால் விதியிலிருந்துதான் விலக்கு, குழந்தையின் தொண்டைக்கு எந்த விலக்கும் கிடையாது. பட்டன், பாசிமணி, ஜிமிக்கி எதுவும் வேண்டாம். கண்ணையும் வாயையும் கறுப்பு, சிவப்பு நூலில் நெருக்கமாகத் தையுங்கள். கழுத்துத் தையல் இரட்டையாக இருக்கட்டும். பஞ்சு பழைய தலையணையிலிருந்து எடுத்தது என்றால் பிரித்து இரண்டு நாள் நல்ல வெயிலில் போட்டு, தூசி தட்டித் திணியுங்கள். கதவுக்கு அடித்து மீந்துபோன பழைய எனாமல் பெயிண்டில் முகம் வரையாதீர்கள், 2017க்கு முந்தைய டப்பாவில் ஈயம் எவ்வளவு இருக்கும் என்று சொல்ல முடியாது.

மிதியடிக்கும் பிடிதுணிக்கும் இந்த அட்டை, முத்திரை எதுவும் தேவையில்லை. அட்டை வரும்வரை அதைத் தைத்துக் கடைக்கு அனுப்புங்கள். பிடிதுணியில் நைலக்ஸ் போன்ற செயற்கை நூல் துணி கலந்துவிடாமல் பாருங்கள், சூட்டில் உருகிக் கையில் ஒட்டிக்கொள்ளும்.