குத்துச்சண்டையா, கபடியா? ஒரு அப்பாவின் கேள்விக்குப் பதில்

ஐயா, வணக்கம்.

கடிதம் படித்தேன். மகன் பத்தாம் வகுப்பு எழுதிவிட்டான், பள்ளிக் கபடி அணியில் முதல் ரெய்டர், அதாவது எதிரணிப் பக்கம் பாடிப் போகிறவன். ஒன்றரை வருடமாகக் குத்துச்சண்டையும் பழகுகிறான், மாவட்டப் போட்டியில் பதக்கம் வாங்கியிருக்கிறான். கபடி மாஸ்டர் "கிளவுஸைத் தூக்கிப் போடு" என்கிறார். பாக்சிங் மாஸ்டரோ "ஏழு பேருக்கு நடுவில் ஒளிந்துகொள்வதெல்லாம் ஒரு ஆட்டமா" என்கிறார். "சண்டை வீரனுக்கு உடல்திறன் அதிகமா, அணியில் ஆடுகிறவனுக்கு அதிகமா என்று மட்டும் சொல்லுங்கள், அந்தப் பக்கம் சேர்த்துவிடுகிறேன்" என்று முடித்திருக்கிறீர்கள்.

கேட்டதில் தப்பில்லை. ஆனால் இதற்கு என்ன பதில் வந்தாலும் அதை வைத்துப் பையனின் வழியை முடிவு செய்ய முடியாது. இரண்டு மாஸ்டர்களும் இதைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்பதால் முதலில் அதைப் பேசிவிடுவோம்.

அமெரிக்காவின் விளையாட்டுத் தொலைக்காட்சி நிறுவனம் ஈஎஸ்பிஎன் 2004-ல் ஒரு நிபுணர் குழுவை உட்கார வைத்து 60 விளையாட்டுகளுக்கு மார்க் போட வைத்தது. தாக்குப்பிடித்தல், பலம், வேகம், துணிச்சல், அடி தாங்குதல் என்று பத்துத் திறன்கள். குத்துச்சண்டை முதலிடம் பிடித்தது. பாக்சிங் வட்டாரத்தில் இது பலருக்கு மனப்பாடம், உங்கள் மாஸ்டரும் சொல்லியிருப்பார். ஆனால் துணிச்சலுக்கு ஒரு மார்க், அடி தாங்குவதற்கு இன்னொரு மார்க் என்று வைத்தால் யார் முதலில் வருவார்கள் என்பது ஆரம்பத்திலேயே தெரிந்த விஷயம்தானே. கூட ஆடுகிறவனோடு ஒத்துப்போவதற்கென்று ஒரு தனி மார்க் வைத்திருந்தால் வரிசை கொஞ்சமாவது மாறியிருக்கும். எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்து வெற்றியாளர் மாறுவார்.

இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்ப் பார்த்தவர்களின் கதை பட்டியலை விட அதிகம் சொல்லும். நேட் ராபின்சன் என்.பி.ஏ. கூடைப்பந்தில் ஸ்லாம் டங்க் போட்டியை மூன்று முறை வென்றவர். உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம்தான். அந்த உயரத்தில் எம்பி வளையத்துக்குள் பந்தை அடிக்கிற உடம்பு என்றால் யோசித்துப் பாருங்கள். 2020 நவம்பரில் யூடியூப் பிரபலம் ஜேக் பாலோடு ரிங்கில் இறங்கினார், இரண்டாவது ரவுண்டிலேயே நாக் அவுட். பாக்சிங்கிலிருந்து கூடைப்பந்துக்குப் போய்ப் பார்த்தவர் மேனி பக்கியாவ். குத்துச்சண்டையில் எட்டு எடைப் பிரிவுகளில் உலகச் சாம்பியன், கூடைப்பந்து என்றால் உயிர். பிலிப்பைன்ஸ் தொழில்முறை லீகில் ஒரு அணிக்குப் பயிற்சியாளராக இருந்துகொண்டே 2014-ல் அதே அணிக்கு ஆடவும் செய்தார். களத்தில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் நடக்கவில்லை. இங்கிலாந்து கிரிக்கெட் வீரர் ஆண்ட்ரூ பிளின்டாஃப் மட்டும் கொஞ்சம் தப்பித்தார். கிரிக்கெட்டை விட்ட பிறகு சில மாதம் கடுமையாகப் பயிற்சி எடுத்து, 2012-ல் மான்செஸ்டரில் ஒரே ஒரு தொழில்முறைச் சண்டை போட்டார். இரண்டு நிமிடம் வீதம் நான்கு ரவுண்டு. நடுவில் ஒரு முறை விழுந்து எழுந்து, ஒரே புள்ளியில் ஜெயித்தார். அத்தோடு சரி.

இவர்களில் யாருக்கும் உடல்திறன் குறைவில்லை. ஒரு விளையாட்டு பத்துப் பதினைந்து வருடம் செதுக்கிய உடம்பை அடுத்த விளையாட்டு அப்படியே ஏற்றுக்கொள்ளாது, அவ்வளவுதான்.

ஒலிம்பிக் முறைக் குத்துச்சண்டையில் மூன்று ரவுண்டு, ஒவ்வொன்றும் மூன்று நிமிடம், நடுவில் ஒரு நிமிட இடைவெளி. ஆக மொத்தம் 11 நிமிடம். சிறுவர் பிரிவில் இதைவிடக் குறைவு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு "இவ்வளவுதானா" என்று தோன்றும். வீட்டில் ஒரு கடிகாரத்தை வைத்துக்கொண்டு, கையைத் தாடைக்குப் பக்கத்தில் தூக்கி, மூன்று நிமிடம் கால் மாற்றி மாற்றி நின்று பாருங்கள். யாரும் அடிக்கவே வேண்டாம், தோள்பட்டை கெஞ்ச ஆரம்பிக்கும். அதன் மேல் அடி கொடுக்க வேண்டும், வாங்க வேண்டும், வாங்கும்போது கண்ணை மூடாமல் இருக்க வேண்டும். குத்து வெடிப்பதற்கு நொடிப்பொழுது வேகம் போதும். ஆனால் அடுத்த குத்துக்குள் மூச்சு திரும்பி வர வேண்டுமே, அதற்கு நீண்ட தூரம் ஓடுகிறவனின் நுரையீரலும் இதயமும் தேவை. விடியற்காலையில் பாக்சர்களை ஓடவிடுவது அதற்குத்தான்.

கால்பந்து வீரர் 90 நிமிடத்தில் பத்து முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் வரை ஓடுகிறார், இடையிடையே முழு வேகத்தில் பாய்கிறார். அந்த ஓட்டம் பாக்சருக்கு இல்லை, தோள்பட்டையில் அந்தத் தாங்குதிறன் கால்பந்து வீரருக்கு இல்லை.

கபடியோ இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. உங்கள் வீட்டு விவாதத்தில் விட்டுப்போனது இதுதான். அணி விளையாட்டு என்று பெயர்தானே தவிர, ஒரு ரெய்டு என்பது 30 நொடிச் சண்டை. பையன் பாடிக்கொண்டு நடுக்கோட்டைத் தாண்டும்போது எதிரில் ஏழு பேர். கூடுதல் புள்ளி தரும் போனஸ் கோட்டைத் தாண்ட ஒரு காலை நீட்டுகிறான், அந்த நேரம் பின்கால் தரையை விட்டு எழும்பியிருக்க வேண்டும். இடது ஓரத்தில் நிற்கும் கார்னர் கணுக்காலுக்குப் பாய்கிறான். அந்தக் கண நேரத்தில் எடையை மாற்றி, இடுப்பைத் திருப்பி, காலை உருவிக்கொண்டு வர வேண்டும். பிடி விழுந்துவிட்டால் முதுகில் இரண்டு பேரைச் சுமந்துகொண்டு கோட்டுக்குக் கை நீட்ட வேண்டும். பெரிய ஆட்டங்களில் முதல் ரெய்டருக்கு 40 நிமிடத்தில் 15, 20 ரெய்டுகூட வரும். கால் மாற்றும் வேகம், தூரத்தைக் கண்ணால் அளப்பது, எதிராளி அசைவதற்கு முன்பே தோளைப் பார்த்துக் கணிப்பது, இதெல்லாம் பாக்சிங் ரிங்கிலும் வேண்டும். ஒன்றரை வருடம் வீணாகிவிட்டது என்று கபடி மாஸ்டர் சொன்னால் நம்பாதீர்கள். அந்தக் கால் நகர்வு அவனுக்கு எங்கிருந்து வந்தது என்று அவரையே ஒரு தடவை கவனித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, பிழைப்புக்கு வருவோம்.

தமிழ்நாட்டு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. பொறியியல் கலந்தாய்வில் 500 இடங்கள் தனியாக இருக்கின்றன. ரயில்வே, துணை ராணுவப் படைகள், காவல் துறை எல்லாம் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கின்றன. இவற்றில் எங்கும் "நல்ல உடல்திறன் உள்ளவர் தேவை" என்று போடுவதில்லை. ரயில்வே அறிவிப்பு ஒன்றை எடுத்துப் படியுங்கள். கபடி என்றால் ரெய்டரா, உள்பக்கம் நின்று பிடிக்கும் கவரா, ஆல்ரவுண்டரா என்று இருக்கும். குத்துச்சண்டை என்றால் இத்தனை கிலோ பிரிவு என்று இருக்கும். அந்த வருடம் அந்த அணியில் காலியாக இருக்கும் இடத்துக்குத்தான் ஆள். பையன் 70 கிலோவாக இருக்கிற வருடம் 60 கிலோவுக்கு இடம் வந்தால் அவனுக்குப் பயனில்லை.

புரோ கபடி லீக் 2014-ல் தொடங்கியது. 2023 ஏலத்தில் ரெய்டர் பவன் ஷெராவத்தை 2.60 கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்து எடுத்தார்கள். இதைப் பார்த்துவிட்டு வருகிற அப்பாக்கள் நிறைய. அந்தத் தொகை உச்சத்தில் ஒருவருக்கு. அடியில் இருக்கும் பிரிவின் அடிப்படை விலை லட்சக் கணக்கில்தான், அதற்கும் நாடு முழுவதிலிருந்தும் போட்டி. குத்துச்சண்டையில் தேசிய பதக்கம் வரை போனால் ராணுவம், காவல் துறை என்று மதிப்பு அதிகம். உலகச் சாம்பியன் நிகத் ஜரீன் 2024-ல் தெலங்கானா காவல் துறையில் டி.எஸ்.பி. ஆனார். ஒலிம்பிக் கதவும் பாக்சிங்குக்கே திறந்திருக்கிறது, 2028 லாஸ் ஏஞ்சலஸில் அது உண்டு. கபடி ஆசிய விளையாட்டுப் போட்டி வரைக்கும்தான். ஆனால் அந்தத் தேசியப் பதக்கத்துக்கு நடுவில் ஹரியானாவும் முப்படைகளின் சர்வீசஸ் அணியும் நிற்கின்றன, ஒரு எடைப் பிரிவுக்கு மாநிலத்திலிருந்து போவது ஒருவர்தான். கபடியில் ஒரு அணிக்கே பன்னிரண்டு பேர் வேண்டும்.

அடுத்தது எடை. மகனுக்கு இப்போது 61 கிலோ என்றும், உங்கள் வீட்டு ஆண்கள் எல்லோரும் ஆறடி என்றும் எழுதியிருக்கிறீர்கள். பையன் இன்னும் வளரப்போகிறான். குத்துச்சண்டைப் போட்டியில் காலையில் எடை பார்ப்பார்கள், தொடர்ந்து ஜெயித்தால் அடுத்த ஆட்ட நாளிலும் பார்ப்பார்கள். பாரிஸ் ஒலிம்பிக்கில் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத் 100 கிராம் அதிகம் என்று இறுதிப் போட்டியையே இழந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பதினைந்து வயதில் எலும்பு நீள வேண்டிய பையனைத் தண்ணீர் குடிக்காமல், பிளாஸ்டிக் கோட் மாட்டி ஓடவைத்துக் கீழ்ப்பிரிவில் நிறுத்தப் பார்க்கும் மாஸ்டர்கள் இருக்கிறார்கள். உங்கள் மாஸ்டர் அப்படிப்பட்டவரா என்று தெரியாது, நேரில் கேட்டுவிடுங்கள். கபடியிலும் ஜூனியர் பிரிவில் எடை வரம்பு உண்டு, ஆண்கள் சீனியரில் 85 கிலோ. ஆனால் வளர்ந்துகொண்டிருக்கிற பையனுக்கு அங்கே இடம் தாராளம்.

தலையில் விழும் அடியைப் பற்றி உங்கள் மனைவி கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. திரும்பத் திரும்பத் தலையில் அடி வாங்கினால் மூளை பாதிக்கும் என்பதை மருத்துவ உலகம் 1928-லேயே எழுதிவிட்டது. ஸ்கிப்பிங், தொங்கும் பையைக் குத்துவது, மாஸ்டர் கையில் பிடிக்கும் பேடில் குத்துவது இவற்றில் தலைக்கு ஆபத்து இல்லை. வாரத்தில் எத்தனை நாள் முழு பலத்தோடு ஸ்பாரிங், அதாவது இருவர் மோதும் பயிற்சிச் சண்டை, நடக்கிறது என்பதைத்தான் கேட்க வேண்டும். கபடியில் தலை ஓரளவு தப்பிக்கும், முழங்கால் தப்பிக்காது. கணுக்கால் பிடியில் கால் ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம் திரும்பினால் தசைநார் கிழியும், ஆறேழு மாதம் உட்கார வேண்டியதுதான். இரண்டுக்கும் காப்பீடு எடுத்து வையுங்கள்.

இவ்வளவையும் வைத்து என் முடிவைக் கேட்டால், அடுத்த ஒரு வருடத்துக்குக் கபடி முதலில். வளர்கிற உடம்பு, ஒரு அணிக்குத் தேவைப்படும் ஆட்களின் எண்ணிக்கை இரண்டும் அந்தப் பக்கம் சாய்கின்றன. குத்துச்சண்டையை விட வேண்டாம், வாரம் இரண்டு நாள் பயிற்சிக்கு மட்டும் போகட்டும். முழு ஸ்பாரிங்கும், எடையைக் குறைத்துக் களமிறங்குவதும் இந்த வருடம் வேண்டாம். வருட முடிவில் வளர்ச்சி ஓரளவு நிலைத்து, அவனும் ரிங்தான் வேண்டும் என்று நின்றால் அப்போது மாற்றிக்கொள்ளலாம்.

என் முடிவுக்கு எதிராக உங்கள் கடிதத்திலேயே ஒரு வரி இருக்கிறது. தோற்ற ஆட்டங்களுக்குப் பிறகு பிடிக்கத் தவறிய பையன்களோடு சண்டை போடுகிறான், ஆனால் விடிகாலையில் யாரும் எழுப்பாமலே தனியாக ஸ்கிப்பிங் ஆடுகிறான் என்கிறீர்கள். தன் தோல்வியைத் தானே சுமக்க விரும்புகிறவன் ரிங்கில் நிம்மதியாக இருப்பான், அதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். கபடி மாஸ்டரிடம் ஒன்று கேளுங்கள்: மூன்று மாதம் அவனை ரெய்டுக்கு அனுப்பாமல் கவரில் நிறுத்தச் சொல்லுங்கள். கை கோத்துச் செயின் போட்டுப் பிடிக்கும்போது பக்கத்தில் இருப்பவனின் கையை நம்பாமல் ஒன்றும் நடக்காது. அங்கேயும் அவனுக்கு எரிச்சல் அடங்கவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள், நானே குத்துச்சண்டைக்கு மாறச் சொல்வேன். அடங்கினால் பிடியும் தெரிந்த ரெய்டர் ஒருவன் கிடைப்பான், ஆல்ரவுண்டர் என்று அறிவிப்பில் வருகிற இடத்துக்கு அப்படிப்பட்ட பையன்தான் வேண்டும்.

படிப்பில் எந்தக் குரூப் என்று கேட்டிருந்தீர்கள். உடற்கல்வி, விளையாட்டு அறிவியல், பிசியோதெரபி பக்கம் பிறகு போக நினைத்தால் உயிரியல் இருக்கும் குரூப் நல்லது. மற்றபடி மேலக்கோட்டையூரில் இருக்கும் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம், பிறகு பஞ்சாபின் பாட்டியாலாவில் இருக்கும் தேசிய விளையாட்டு நிறுவனத்தில் பயிற்சியாளர் டிப்ளமோ என்ற வழியெல்லாம் பட்டத்துக்குப் பிறகு யோசிக்கலாம்.

சான்றிதழில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். தற்காப்புக் கலை, சண்டை விளையாட்டுகளில் இது அதிகம்: கட்டணம் கட்டினால் வெளிமாநிலத்தில் "தேசியப் போட்டி", கையோடு தங்கப் பதக்கம். மத்திய அரசின் அங்கீகாரம் இல்லாத அமைப்பு நடத்தும் போட்டியின் சான்றிதழ் வேலைக்குச் செல்லாது. வேலைக்குக் காட்ட வேண்டிய விளையாட்டுச் சான்றிதழ் படிவங்கள் இவை: தேசியப் பள்ளி விளையாட்டுப் போட்டியில் ஆடினால் படிவம் 4, மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடினால் படிவம் 2. போட்டி முடிந்த கையோடு, சம்பந்தப்பட்டவர்கள் மாறுவதற்குள் கையெழுத்து வாங்கி வையுங்கள். ஐந்து வருடம் கழித்து அலைந்தால் கிடைப்பது கஷ்டம்.

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் 11-ஆம் வகுப்புக்கும் சேர்க்கை உண்டு, கபடி, குத்துச்சண்டை இரண்டுக்கும் இடம் இருக்கிறது. கோடை விடுமுறையை ஒட்டி அறிவிப்பு வரும். அதற்கு முன்னால் பிறப்புச் சான்றிதழ், ஆதார், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் மூன்றிலும் பிறந்த தேதி ஒன்றாக இருக்கிறதா, பெயரின் இனிஷியல் மாறாமல் இருக்கிறதா என்று இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் திருத்த விண்ணப்பம் கொடுத்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள்.