டீம் தோத்தா ரெண்டு நாளு தூக்கமே வரல... (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: அண்ணா, எனக்கு வயசு 29. சின்ன வயசுலேர்ந்தே கிரிக்கெட் பைத்தியம். நம்ம டீம் தோத்துட்டா ரெண்டு நாளைக்கு தூக்கம் வராது, வேலையில மனசு போகாது, வீட்ல யாராவது சாதாரணமா ஏதாவது கேட்டாகூட எரிஞ்சு விழுறேன். போன வாரம் மேட்ச் முடிஞ்சதும் என் மனைவி "விளையாட்டுதானே, விடுங்க"ன்னு சொன்னாங்க, அதுக்கே பெரிய சண்டையாயிடுச்சு. மேட்ச் பாக்கறதையே நிறுத்திடணுமா?

பதில்: நிறுத்தவே வேண்டாம் தம்பி. "விளையாட்டுதானே"ன்னு சொன்னா எனக்கும் வலிக்கும். 2023 நவம்பர் 19, உலகக் கோப்பையில வரிசையா பத்து மேட்ச் ஜெயிச்சுட்டு ஃபைனல்ல ஆஸ்திரேலியாகிட்ட தோத்த அன்னிக்கு, டிவியை ஆஃப் பண்ணிட்டு லைட்கூட போடாம ரொம்ப நேரம் உக்காந்திருந்தவன் நான். அதனால உங்க வருத்தம் நடிப்புன்னு நான் சொல்ல மாட்டேன், உடம்பே அதை நெஜம்னுதான் எடுத்துக்குது. 2006 ஃபுட்பால் உலகக் கோப்பை ஜெர்மனில நடந்தப்ப மியூனிக் பக்கம் டாக்டர்கள் கணக்கெடுத்தாங்க, ஜெர்மனி ஆடின நாள்ல இதயக் கோளாறுன்னு அவசர சிகிச்சைக்கு வந்தவங்க மத்த நாளைவிட 2.66 மடங்கு, அதுலயும் ஏற்கெனவே இதய நோய் இருந்தவங்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

ஆனா ஒண்ணு கவனிங்க. நம்ம பேச்சுலயே இருக்கு, ஜெயிச்சா "ஜெயிச்சுட்டோம்"ங்கறோம், தோத்தா "தோத்துட்டானுங்க"ங்கறோம். ராபர்ட் சியால்டினிங்கற உளவியல் ஆராய்ச்சியாளர் 1976-லயே அமெரிக்க காலேஜ் பசங்ககிட்ட இதைத்தான் பாத்தார், அவங்க காலேஜ் டீம் ஜெயிச்சா "நாங்க", தோத்தா "அவங்க". உங்களுக்கு அது வரல, தோத்தாலும் "தோத்துட்டோம்"னு கூடவே நிக்கறீங்க, அது நல்ல மனசுதான், அதை மாத்திக்காதீங்க. ஆனா டீமோட கூட நிக்கறது வேற, தோல்விக்கே பொறுப்பு எடுத்துக்கறது வேற. கையில பேட்டும் இல்ல பாலும் இல்ல, பிட்ச் எப்படி இருக்கும்னு முடிவு பண்ணினதும் நீங்க இல்ல, அப்புறம் எதுக்கு அந்த மொத்த பாரத்தையும் தூக்கிக்கிட்டு வீட்டுக்குள்ள வந்து மனைவி தலையில இறக்கறீங்க? அவங்க என்ன கேட்ச்சையா விட்டாங்க?

இன்னொரு கணக்கும் எனக்கு உதவியா இருந்துச்சு. டென்னிஸ் வீரர் ரோஜர் ஃபெடரர் 1526 ஒற்றையர் மேட்ச் ஆடி அதுல கிட்டத்தட்ட 80 சதவீதம் ஜெயிச்சவர், ஆனா அவர் எடுத்த பாயிண்ட் 54 சதவீதம்தான், 2024-ல ஒரு காலேஜ் பட்டமளிப்பு விழாவுல அவரே சொன்னது இது. அவ்ளோ பெரிய ஆளே பாதிக்குப் பக்கத்துல பாயிண்ட்டை விட்டுட்டுத்தான் வந்திருக்கார். நாம மட்டும் நம்ம டீம் எல்லா மேட்ச்சும் ஜெயிக்கணும்னு எதிர்பாத்து உக்காந்தா எப்படி.

அப்புறம் 2024 ஜூன் 29, பார்படாஸ்ல டி20 உலகக் கோப்பை ஃபைனலை 7 ரன்ல ஜெயிச்சோமே, அந்த சந்தோஷத்தை எத்தனை நாள் வச்சிருந்தீங்க? மறுநாளே அடுத்த சீரிஸ் பேச ஆரம்பிச்சிருப்பீங்க. சந்தோஷத்துக்கு ஒரு நாள், துக்கத்துக்கு ரெண்டு நாள்னா அது நமக்கு நாமே பண்ணிக்கிற அநியாயம் இல்லையா.

இனிமே இப்படி பண்ணிப் பாருங்க. மேட்சுக்கு முன்னாடியே, மனசு நிதானமா இருக்கும்போது, மனைவிகிட்ட "இன்னிக்கு தோத்துட்டா எனக்கு ஒரு மணி நேரம் மட்டும் குடு, அப்புறம் நானே வந்து பேசறேன்"னு சொல்லிடுங்க. சொன்ன மாதிரி போய் பேசுங்க, அதுதான் முக்கியம். கடைசி பால் முடிஞ்சதும் டிவியை அணைச்சுட்டு போனை வேற ரூம்ல வச்சுட்டு ஒரு நடை போயிட்டு வாங்க. தோத்த ராத்திரி விடிய விடிய ஹைலைட்ஸும் அலசல் வீடியோவும் பாக்கறது ஆறப்போற புண்ணைக் கீறிக்கிற வேலை, உங்க தூக்கம் போறது பெரும்பாலும் மேட்ச்னால இல்ல, அதனாலதான்னு எனக்குத் தோணுது. இவ்ளோ பண்ணியும் வாரக்கணக்கா தூக்கமும் வேலையும் கெட்டுச்சுன்னாலோ, மேட்ச் மேல பணம் கட்டற பழக்கம் இருந்தாலோ, தயங்காம ஒரு மனநல மருத்துவரைப் பாருங்க.

கேள்வி: என் வீட்டுக்காரர் மேட்ச் பாக்கும்போது அவுட்டாகற பிளேயரையெல்லாம் கெட்ட வார்த்தையில திட்டுவார். இப்ப 11 வயசுப் பையனும் தோத்தா அழறான், அதே வார்த்தையை அப்படியே சொல்றான். என்ன பண்ண?

பதில்: பையன் அழறது பிரச்சனையே இல்லம்மா, அழட்டும், பக்கத்துல உக்காந்துக்கோங்க. அந்த வார்த்தைதான் பிரச்சனை. அதை அவன் அப்பாகிட்டதான் கத்துக்கிட்டான், அதனால அப்பாதான் முதல்ல நிறுத்தணும். இதை அவர்கிட்ட படிச்சுக் காட்டுங்க: 1994 ஃபுட்பால் உலகக் கோப்பையில கொலம்பியாவோட ஆண்ட்ரேஸ் எஸ்கோபார் அமெரிக்காவுக்கு எதிரான மேட்ச்ல தவறுதலா தன் டீம் கோல்லயே பந்தைப் போட்டுட்டார். பத்து நாள் கழிச்சு சொந்த ஊர்ல அவரை சுட்டுக் கொன்னாங்க, வயசு 27. நம்மகிட்டயும் 2021 அக்டோபர்ல பாகிஸ்தான்கிட்ட தோத்ததும் நம்ம பவுலர் ஷமியை மதத்தைச் சொல்லி ஆன்லைன்ல எவ்ளோ கேவலமா திட்டினாங்க, கேப்டன் கோலி வெளிப்படையா அவர் பக்கம் நின்னார். ஷாட் தப்புன்னு சொல்லலாம், தாராளமா சொல்லலாம், ஆடினவனோட அம்மாவை இழுக்கக் கூடாது. இந்த வித்தியாசத்தை அப்பா வாயாலயே பையன் கேட்டா சீக்கிரம் புரிஞ்சுப்பான்.

கேள்வி: என் நெருங்கின ஃப்ரெண்ட் எதிர் டீம் ஃபேன். எங்க டீம் தோத்தா மீம் போட்டே கொல்றான். பிளாக் பண்ணிடலாமா?

பதில்: ஒரு ராத்திரி மட்டும் மியூட் பண்ணுங்க, பிளாக் வேண்டாம். 2019 கிரிக்கெட் உலகக் கோப்பை ஃபைனல்ல இங்கிலாந்து, நியூசிலாந்து ரெண்டு டீமும் 241, சூப்பர் ஓவர்லயும் ரெண்டு பேரும் 15, கடைசில பவுண்டரி கணக்கு பாத்து கப்பை இங்கிலாந்துக்குக் குடுத்தாங்க, அப்படி ஒரு தோல்விக்கு அப்புறமும் நியூசிலாந்து கேப்டன் வில்லியம்சன் யார் மேலயும் பழி போடாம நின்னதை நான் இன்னும் மறக்கல. காலையில நீங்களே அவனுக்கு முதல் மெசேஜ் போடுங்க, "நல்லா ஆடினாங்கடா"ன்னு.