புல்தைலம்: கேட்டவர்களுக்குச் சொன்னவை

ஆதம்பாக்கத்தில் நான் நடத்தும் சோப்பு வகுப்பில் போன மாதம் ஒரு மதியம் முழுக்க எலுமிச்சைப்புல் தைலத்துக்கே போய்விட்டது. வந்தவர்கள் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்த கேள்விகளும், அவற்றுக்கு நான் சொன்ன பதில்களும் இங்கே.

அக்கா, ஊட்டிக்குப் போனபோது ஒரு பாட்டில் வாங்கி வந்தேன். "சுத்தமான இயற்கைத் தைலம், அப்படியே தடவலாம்" என்றார் கடைக்காரர். தடவலாமா? (வேளச்சேரி)

கூடாது. சுத்தமானது என்பதாலேயே கூடாது. இந்தத் தைலத்தில் நூற்றுக்கு 70 முதல் 85 பங்கு வரை இருப்பது சிட்ரால் என்ற ஒரே பொருள். எலுமிச்சை மணம் அதனுடையது. பூஞ்சையையும் பாக்டீரியாவையும் அடக்குவதும் பெரும்பாலும் அதுதான். தோலில் எரிச்சலையும் ஒவ்வாமையையும் கிளப்புவதும் அதே சிட்ரால்தான். ஐரோப்பாவில் சோப்பிலோ கிரீமிலோ குறிப்பிட்ட அளவுக்கு மேல் சிட்ரால் இருந்தால் லேபிளில் அதன் பெயரைப் போட்டாக வேண்டும்.

எரிச்சல் என்றால் கழுவினால் அடங்கும். ஒவ்வாமை அப்படி இல்லை. ஒருமுறை உடம்பு சிட்ராலை எதிரியாகப் பதிந்துகொண்டால், பிற்பாடு எலுமிச்சை வாசனை போட்ட எந்தக் கிரீமைத் தொட்டாலும் தடிப்பு வரலாம். அதனால்தான் வகுப்பில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். 100 மில்லி தேங்காய் எண்ணெய்க்கோ நல்லெண்ணெய்க்கோ அரை மில்லி தைலம், அதாவது சுமார் பத்துச் சொட்டு போதும். அதையும் முதலில் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அரிப்போ சிவப்போ இருந்தால் உங்களுக்கு இது வேண்டாம்.

கொசுவுக்கு இது நல்லது என்கிறார்களே? சாயங்காலம் குழந்தைகளுக்குத் தடவி விளையாட அனுப்பலாமா? (பெரம்பூர்)

கொசு விலகும், அது உண்மை. ஆனால் எவ்வளவு நேரம்? இந்தத் தைலம் தோலிலிருந்து சீக்கிரம் ஆவியாகிவிடும். ஒரு மணி நேரம், மிஞ்சினால் இரண்டு மணி நேரம். நம் ஊர் வியர்வையில் அதுவும் குறையும். நாம் தோலுக்குப் பயன்படுத்தும் குறைந்த அளவில் தாக்கம் இன்னும் கம்மி. ஐப்பசி, கார்த்திகை மழை வந்தால் சென்னையில் டெங்கு பயம் வந்துவிடுகிறது. அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. அந்த நேரத்தில் இதை மட்டும் நம்பிக் குழந்தையை வெளியே அனுப்பாதீர்கள். டாக்டரைக் கேட்டு, வயதுக்கு ஏற்ற டீட் அல்லது பிகாரிடின் என்ற கொசுவிரட்டி மருந்து உள்ள களிம்பைத் தடவுங்கள், முழுக்கைச் சட்டை போடுங்கள், மொட்டை மாடியில் தேங்கிய தண்ணீரைக் கொட்டுங்கள். கைக்குழந்தைகளுக்குப் புல்தைலம் எந்த அளவிலும் வேண்டாம்.

இன்னொன்று. கொசுவுக்கென்று விற்கும் சிட்ரோனெல்லா வேறு தைலம். இரண்டும் ஒரே புல் குடும்பம்தான், ஆனால் அதில் முக்கியமானது சிட்ரோனெல்லால். இரண்டையும் பக்கத்தில் வைத்து முகர்ந்தால் தெரியும்: சிட்ரோனெல்லாவில் சோப்பு வாடையும் லேசான ரோஜா வாடையும் இருக்கும், புல்தைலத்தில் எலுமிச்சைத் தோலைக் கிள்ளிய காரம் இருக்கும்.

பாரிமுனைப் பக்கம் ஒரே அளவு பாட்டில் ஒரு கடையில் ஒரு விலை, அடுத்த கடையில் பாதி விலை. கலப்படத்தை எப்படிக் கண்டுபிடிப்பது மேடம்? (ராயபுரம்)

முதலில் தைலம் எப்படி வருகிறது என்று தெரிந்தால் விலை புரியும். கேரள மலைப்பக்கம் ஒரு காய்ச்சும் கொட்டகையில் நின்று பார்த்திருக்கிறேன். அறுத்த புல்லைக் கொஞ்சம் வாடவிட்டு, பெரிய பாத்திரத்தில் காலால் மிதித்து இறுக்குகிறார்கள். அடியிலிருந்து நீராவி புல்லுக்குள் ஏறுகிறது. மேலே குழாய் வழியாகப் போகும் ஆவி, குளிர்ந்த தண்ணீர்த் தொட்டியைக் கடந்து திரவமாகிச் சொட்டுகிறது. தைலம் தண்ணீரைவிட லேசு, அதனால் கலத்தில் தண்ணீருக்கு மேல் மஞ்சளாகத் தனி அடுக்காக நிற்கும், அதை வடித்தெடுப்பார்கள். காய்ச்சி முடித்த புல்லைக் காயவைத்து, அதே அடுப்புக்கு விறகாகப் போடுகிறார்கள். இத்தனை செய்து, 100 கிலோ பச்சைப் புல்லுக்குக் கிடைப்பது 300 முதல் 500 கிராம் தைலம்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு பாதி விலைப் பாட்டிலைப் பாருங்கள்.

வீட்டில் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு ஒரு நாள் விடுங்கள். நல்ல தைலம் கிட்டத்தட்ட முழுக்க ஆவியாகிவிடும், மிஞ்சினால் லேசான மஞ்சள் தடம். வெளிச்சத்தில் பிடித்தால் எண்ணெய்ப் பலகாரம் வைத்த தாள் மாதிரி ஊடு தெரிந்தால், சமையல் எண்ணெய் கலந்திருக்கிறது. ஆலையில் செய்த சிட்ராலைக் கலந்திருந்தால் மூக்காலோ தாளாலோ பிடிக்க முடியாது, ஆய்வகத்தில்தான் தெரியும். மொத்தமாக வாங்குகிறவர்கள் அந்தந்தத் தொகுதிக்கான ஜி.சி. அறிக்கையை, அதாவது தைலத்தில் எந்தப் பொருள் எவ்வளவு இருக்கிறது என்று ஆய்வகம் பிரித்துச் சொல்லும் அறிக்கையைக் கேளுங்கள்.

குக்கரில் குழாய் மாட்டி நாமே காய்ச்சினால்? மாடியில் ஆறு தொட்டி புல் வைத்திருக்கிறேன். (மடிப்பாக்கம்)

தம்பி, ஒரு கிலோ இலைக்கு மூன்று, நான்கு மில்லி வந்தாலே பெரிது. அதற்காக அழுத்தம் ஏறும் குக்கரில் கை வைக்காதீர்கள். அந்தப் புல்லைக் கஷாயத்துக்கும் ரசத்துக்கும் பயன்படுத்துங்கள், அருமையாக இருக்கும்.

ஒரு சொட்டைத் தேநீரில் விட்டுக் குடித்தால் தொப்பை குறையுமாமே? (அண்ணா நகர்)

குடிக்காதீர்கள். இலை போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீர் வேறு, தைலம் வேறு. தண்ணீரில் அது கரையாது, மேலே மிதந்து அப்படியே உதட்டையும் தொண்டையையும் சுடும். தொப்பையை இது குறைக்காது.

பொடுகுக்கு? (குரோம்பேட்டை)

பொடுகில் பங்குள்ள மலசீசியா என்ற பூஞ்சையைப் புல்தைலம் அடக்குவது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. அதனால் முயற்சி செய்யலாம். முதல் பதிலில் சொன்ன அதே அளவில் தேங்காய் எண்ணெயில் கலந்து, அரை மணி நேரம் ஊறவிட்டு அலசுங்கள். தலையில் புண்ணோ சொறிந்த காயமோ இருந்தால் வேண்டாம். சில வாரத்தில் குறையவில்லை என்றால் தோல் டாக்டரைப் பாருங்கள்.

வீடு துடைக்க ஊற்றினால் தரை வழுக்குகிறது. (தாம்பரம்)

தண்ணீரில் நேராக ஊற்றினால் அது மேலே மிதக்கும், துடைக்கும்போது திட்டுத் திட்டாகத் தரையில் ஒட்டும். முதலில் ஒரு கரண்டி திரவ சோப்பில் ஐந்தாறு சொட்டைக் கலக்கிவிட்டு, அப்புறம் வாளியில் ஊற்றுங்கள். நல்ல வாசனை, ஈ குறையும். கிருமிநாசினிக்குப் பதிலாக இதை வைக்காதீர்கள்.

வீட்டில் பூனை இருந்தால் இதைத் தவிர்த்துவிடுங்கள். இந்த வகைத் தைலங்களை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்குக் குறைவு. தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கும், பாவம்.

கல்லூரியில் வேதியியல் படிக்கிறேன். சிட்ராலிலிருந்து வைட்டமின் ஏ செய்வார்கள் என்பது நிஜமா மேடம்? (சேப்பாக்கம்)

நிஜம்தான், நல்ல கேள்வி. 1893-இல் ஜெர்மனியில் டீமன், குரூகர் என்ற வேதியியலாளர்கள் சிட்ராலை அசிட்டோனுடன் சேர்த்து, பிறகு அமிலத்தில் வளையமாக்கி, அயனோன் என்ற பொருளைச் செய்தார்கள். அதற்கு வயலெட் பூவின் மணம். அதில் ஒரு வகையான பீட்டா அயனோனிலிருந்துதான் பின்னாளில் வைட்டமின் ஏ செய்யும் வழி வந்தது. நம் மேற்கு மலையின் புல்தைலம் கொச்சி வழியாகக் கப்பலேறி, உலகச் சந்தையில் கொச்சின் ஆயில் என்றே பேர் வாங்கியது. பிறகு ஆலைச் சிட்ராலும் சிட்ரால் நிறைந்த சீனத்து லிட்சியா மரத்தின் தைலமும் வந்து அந்த ஏற்றுமதியைச் சரித்துவிட்டன. புல்லை நம்பி இருந்த மலைக் குடும்பங்களுக்கு அது பெரிய அடி. கேரளத்தில் பெரும்பாவூர் பக்கத்தில் ஓடக்காலியில், இந்தப் புல்லுக்கென்றே தொடங்கி இப்போது மற்ற வாசனை, மூலிகைச் செடிகளையும் ஆராயும் நிலையம் இருக்கிறது. ஒருமுறை போய்ப் பாருங்கள், உங்கள் பாடத்துக்கும் உதவும்.

சோப்பில் எவ்வளவு? (ஆதம்பாக்கம்)

ஒரு கிலோ எண்ணெய்க்கு 15 கிராமுக்கு மேல் நான் சேர்ப்பதில்லை. சோப்பு லேசாக மஞ்சளாகும். மற்ற எலுமிச்சை வகைத் தைலங்களைவிட மணம் நன்றாக நிற்கும்.

பழைய பாட்டில் ஒன்று அலமாரியில் கிடக்கிறது, கெட்டுப்போகுமா? (மயிலாப்பூர்)

போகும். காற்றும் வெளிச்சமும் பட்டால் சிட்ரால் சிதையும். நிறம் கறுத்து, வாய் ஓரம் பிசுபிசுத்து, வாசனை மட்கியிருந்தால் தோலுக்கு ஆகாது, பழைய தைலம் இன்னும் அதிகமாக எரிக்கும். புதிதாக வாங்கும்போது பழுப்புக் கண்ணாடிப் பாட்டிலில் வாங்கி, இறுக மூடி, குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். பிளாஸ்டிக்கில் ஊற்றினால் அதையே இளக்கிவிடும். குழந்தை தெரியாமல் விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.